கதை கேட்டவள்

“மூணு தடவை வீடு தேடி வந்து கதை சொன்னாராம், மூணு தடவையும் நீதான் வேண்டாம்னு—”

“வந்தாரு, போனாரு. அப்ப தினம் நாலு பேரு வந்தாங்க. எல்லாக் கதையும் உன் காதுக்கு வந்திருந்தா நீ எப்ப நடிச்சிருப்ப?”

நாற்பது படங்களில் நடித்தவள் இந்துமதி. அருமையான நடிகை என்று எல்லோரும் சொன்னார்கள்; முதலிடத்தை மட்டும் யாரும் தரவில்லை. அவளுக்காகக் கதை கேட்பதெல்லாம் அக்கா மரகதம்தான். இன்று ஒரு பாராட்டு விழாவில், வயதான இயக்குநர் ஒருவர், தன் பெரிய படத்தை இவளுக்காகவே எழுதியதாகச் சொல்லிவிட்டார். இவளுக்குப் பதிலாக அதில் நடித்தவள் பதினைந்து வருடம் உச்சியில் இருந்தாள்.

“அது ரெண்டு பிள்ளைக்கு அம்மா வேஷம்டி. ஒரு தடவை போட்டா அப்புறம் ஹீரோவுக்கே அம்மாவாத்தான் கூப்பிடுவாங்க.”

“அவளை அப்படிக் கூப்பிடலையே.”

மரகதம் தங்கையின் கொண்டை ஊசிகளை உருவி, வழக்கம்போல் பல்லில் கடித்துக்கொண்டாள்.

“இன்னொண்ணும் சொன்னாரு. கதை முடிஞ்சதும் நீ எழுந்து நின்னு, கடைசி சீன் வசனத்தை அப்படியே பேசிக் காட்டினியாம். கேட்டு அவர் அழுதுட்டாராம்.”

மரகதம் ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். “அவருக்கு வயசாச்சு. யாரையோ நினைச்சுச் சொல்றாரு.”

“இருக்கட்டும்.” இந்துமதி நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினாள். “எனக்கும் ஒரு தடவை பேசிக் காட்டுக்கா.”