ரெண்டில் இழுப்பவள்

டார்ச்சைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, விரிப்பின் ஓரத்தை இரண்டு கைகளாலும் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள் குச்சி சிஸ்டர்.

அந்தப் பட்டப்பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் அவளைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கட்டிலில் கிடந்தவரோ லாரி டிரைவர். இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்தார். அவர் ஓட்டிய லாரியில் பாதி எடையாவது இருப்பார் என்பது வார்டின் கணிப்பு.

மாலையிலிருந்தே அவருடைய முதுகின் அடியில் தோல் சிவந்துகொண்டு வந்தது. இப்போதே ஒருக்களித்துப் படுக்க வைக்காவிட்டால் விடிவதற்குள் புண்ணாகிவிடும். படுக்கைப்புண் அடாவடி வாடகைக்காரன் மாதிரி. உள்ளே வந்துவிட்டால் லேசில் காலி செய்ய மாட்டான்.

ஆனால் திருப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். துணைக்கு இருந்த சின்ன சிஸ்டர், பக்கத்துக் கட்டில்காரருக்கு ரத்தப் பை வாங்கக் கீழே போயிருந்தாள். போனவள் போனவள்தான்.

"சீக்கிரம் வாம்மா," என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள் குச்சி.

ஜன்னல் பக்கத் திரை அசைந்தது. எதிர்ப்புறம் விரிப்பு இறுகியது.

அப்பாடா, வந்துவிட்டாள்.

குச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எந்த நர்ஸும் எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்ப்பதில்லை. சலைன் குழாய் இழுபடுகிறதா, நோயாளியின் முகம் கோணுகிறதா என்றுதான் கண் ஓடும். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானார்.

"ஒண்ணு," என்றாள் குச்சி. "ரெண்டு..."

விரிப்பு விருட்டென்று அந்தப் பக்கம் போனது. குச்சியின் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளப் பார்த்தது. அவளும் சுதாரித்துக்கொண்டு கூடவே தள்ள, தூளியில் பிள்ளை புரள்வதுபோல அந்த மலை புரண்டு ஒருக்களித்தது.

"எத்தனை தடவைடி சொல்றது? மூணுல இழு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்ன சிஸ்டரை அவள் ஒருநாளும் 'டி' போட்டுப் பேசியதில்லை. அந்த 'டி' எக்ஸ்பிரஸுக்கு மட்டும் உரியது.

எக்ஸ்பிரஸ் அவளுடைய பழைய ஜோடி. நைட் டியூட்டி என்றால் இருவரும் சேர்ந்துதான். மூணு எண்ணி இழுக்க வேண்டும் என்பது நர்ஸிங் படித்த எல்லோருக்கும் தெரிந்த விதி. எக்ஸ்பிரஸ் ரெண்டிலேயே இழுத்துவிடுவாள். டீ வருவதற்குள் பிஸ்கட்டைத் தின்று முடிப்பவள். ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பவள். எல்லாவற்றிலும் ஓர் எண் முந்தி.

கேட்டால், "மூணு வரைக்கும் யாருக்குடி பொறுமை?" என்பாள். வருஷக்கணக்காக இதே சண்டை.

எதிரில் நிற்பவளை 'டி' போட்டுவிட்டோமே. பாவம், சின்னப் பெண். முகம் வாடியிருக்கும். குச்சி கையை நீட்டினாள். கேட்காமலே தலையணை கைக்கு வந்தது. அதை டிரைவரின் முதுகுக்கு அண்டக்கொடுப்பதற்கு முன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். தோல் சிவந்திருந்தது, கிழியவில்லை. தப்பித்தார்.

"நல்லவேளை சிஸ்டர்," என்று ஜன்னலைப் பார்த்தபடி முனகினார் டிரைவர். "மூணுக்குப் பயந்தே உடம்பு கட்டையா இறுகிப்போயிரும். அது இறுகுறதுக்குள்ள இழுத்துட்டாங்க அந்தம்மா."

அப்போது வார்டின் கதவு திறந்தது. ரத்தப் பையும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள் சின்ன சிஸ்டர்.

"சாரிக்கா, லிஃப்ட் வேலை செய்யல. வாங்க, திருப்பிடலாம்." கட்டிலைப் பார்த்ததும் நின்றாள். "தனியாவா திருப்பினீங்க? இவரையா?"

குச்சி மெல்ல நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

ஜன்னல். திரை. ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற அளவுக்கு இடம்.

பயப்பட வேண்டிய கட்டம்தான். ஆனால் வருஷக்கணக்காகச் சண்டை போட்டவளிடம் திடீரென்று எப்படிப் பயப்படுவது?

போன மழைக்காலத்தில் இதே ஜன்னலோரக் கட்டிலில்தான் எக்ஸ்பிரஸ் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று வார்டுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். குச்சிதான் திருப்பிப் படுக்க வைப்பாள். தோழிக்கு வலிக்கக் கூடாதே என்று விதிப்படி, நிதானமாக, மூணு வரைக்கும் எண்ணுவாள்.

ஒருநாள் போர்வையைப் பல்லில் கடித்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் சொன்னாள்: "மூணு ரொம்பத் தூரம்டி."

வழக்கமான ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள் குச்சி.

விடியும் முன் டிரைவரை மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. சின்ன சிஸ்டர் ஜன்னல் பக்கமாகப் போகப் பார்த்தாள்.

"அங்க வேண்டாம்மா. என் பக்கத்துல வந்து நில்லு. அந்தப் பக்கத்துக்கு ஆள் இருக்கு."

அக்காவின் வழக்கமான நக்கல் என்று சின்ன சிஸ்டர் சிரித்தாள்.

குச்சி விரிப்பைச் சுருட்டிப் பிடித்தாள்.

"ஒண்ணு."

டிரைவர் பல்லைக் கடித்தார்.

"ரெண்டு," என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். இரண்டு பக்கமும் விரிப்பு ஒரே நொடியில் எழும்பியது. மணிக்கட்டு வலிக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, சண்டை போட ஒன்றுமே இருக்கவில்லை.