சொந்த நாற்காலி

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது ஸ்டாஃப் போட்டோ."

எல்லார் முன்னாலும் மேனேஜர் இப்படிச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போனது. தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஆசையாகப் பின்வரிசையில் நின்றவள், விலகி வெளியே வந்தாள்.

கட்டடங்களுக்கு டிசைன் போடும் ஆபீஸ் அது. கட்டப்போகும் வீட்டை அட்டையில் சின்னதாகச் செய்து காட்டுவது அவள் வேலை. மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு மாடலுக்கும் பில் போட்டுப் பணம் வாங்கும் ஃப்ரீலான்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ஆறு வருஷமா போறேன். யாருக்குப் பிறந்தநாள்னாலும் கேக் வெட்டறாங்க. எனக்கு ஒரு துண்டு கொடுத்ததில்லை அந்தச் சிடுமூஞ்சி. முதல் நாள் உட்கார நாற்காலி கேட்டேன். 'வீட்டுலேர்ந்து கொண்டு வாங்க'ன்னுட்டார். நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போன ஒரே ஆள் உலகத்துலயே நானாத்தான் இருப்பேன்!"

கணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "பில் கொடுத்த அன்னைக்கே பணம் வந்துடுதே?"

"அதுல குறை சொல்ல முடியாது. மனுஷத்தன்மைதான் இல்லை. மேல் மாடி ஆபீஸ்ல என் ஃப்ரெண்டும் இதே மாதிரி பில் போட்டுத்தான் வேலை பாக்கறா. அவளுக்கு மேஜை, அடையாள அட்டை, கேக், போட்டோ எல்லாம் உண்டு. வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்காங்க."

அந்த வாரமே வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. அவளுக்கும் மேல் மாடித் தோழிக்கும், இரண்டு பேருக்குமே.

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம். ஃப்ரீலான்ஸ் என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் ஊழியர் மாதிரி வேலை பார்த்திருந்தால், போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து விட்டுப்போன வரியைக் கட்ட வேண்டும். வட்டி தனி.

கணவன் மனக்கணக்குப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்தது மொத்தமும் போய்விடும்.

"இந்த வருஷம் உனக்குத் தனி ரூம்னு பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கோமே..."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

விசாரணை அறையில் இருந்த அதிகாரி ஒரு பெண். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவளைப் பார்த்தார்.

"அந்த ஆபீஸ்ல உங்களை எப்படி நடத்தறாங்க? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

கேட்க வேண்டுமா! ஆறு வருஷத்துப் பொருமல்.

"எப்படி நடத்தறாங்களா? மனுஷியா மதிச்சாத்தானே மேடம்! எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டா, 'அது உங்க பாடு. சொன்ன தேதியில மாடல் என் மேஜைல இருந்தாப் போதும்'பார். கத்தி, பசை, அட்டை எல்லாம் என் காசு."

"ம்."

"ஒரு தடவை மாடிப்படி அளவு தப்பாயிடுச்சு. மொத்தத்தையும் என் செலவுலயே திரும்பச் செய்ய வச்சார். காய்ச்சல்னு போன் பண்ணினா, உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை இல்லை. 'சரி, உங்களுக்குப் பதிலா யாரை அனுப்புவீங்க?'ன்னு கேட்டார். என் தங்கச்சியை அனுப்பினேன். எனக்கு வேற கம்பெனி வேலை வந்தப்போ, போகாதேன்னாவது சொல்லுவார்னு பார்த்தேன். 'தாராளமா செய்யுங்க'ன்னுட்டார். கடைசியில போட்டோவுலேர்ந்தும் விரட்டிட்டார் மேடம்!"

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நீங்க அவர்மேல புகார் சொல்றதா நினைக்கறீங்க. இது ஊழியரை நடத்தற விதமே இல்லைம்மா. நீங்க சொந்தத் தொழில் பண்றவங்க. உங்க முதலாளி நீங்கதான். அவரையும் கூப்பிட்டு விசாரிப்போம். அவர் சொல்றதும் ஒத்துப்போனா ஒரு பைசா கட்ட வேண்டாம்."

ஒத்துப்போனது. அடுத்த நாள் சாயங்காலமே தகவல் வந்துவிட்டது. தோழிதான் பாவம், தப்பவில்லை.

சிடுமூஞ்சியாக இருந்ததிலும் ஒரு நன்மை! அந்த ஆளுக்கு நன்றி சொல்லாவிட்டால் மனசு ஆறாது என்று, பெரிய கேக் ஒன்று வாங்கிக்கொண்டு மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

பெட்டியைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார். "கேக்கா? முதல்ல அதை வெளியே எடுத்துட்டுப் போங்க!"

இந்த ஆள் திருந்தவே மாட்டார் என்று முணுமுணுத்தபடி அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். பின்னாலேயே அவரும் வந்தார். கேட்டைத் தாண்டியதும் கையை நீட்டினார்.

"இங்க கொடுங்க. தெருவுல சாப்பிடலாம், தப்பில்லை."

அவள் திகைத்துப்போய் ஒரு துண்டை நீட்டினாள்.

"நானும் ஒரு காலத்துல உங்களை மாதிரி பில் போட்டவன்தான்" என்றார் அவர். "அப்போ நான் இருந்த ஆபீஸ்ல என்னைக் குடும்பத்துல ஒருத்தனா பாத்துக்கிட்டாங்க. எனக்கு நாற்காலி இருந்தது, அடையாள அட்டை இருந்தது, போட்டோவுல நடுவுல நின்னேன். அப்புறம் விசாரணைன்னு வந்தாங்க. வீட்டை வித்துத்தான் வரி கட்டினேன். மேல் மாடிப் பொண்ணை என்னை வந்து பாக்கச் சொல்லுங்க. அப்பீல் பண்ண அலைஞ்ச வழியெல்லாம் எனக்குத் தெரியும்."

மகளுடைய அறை அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"இவ்வளவு நல்ல மனசை வச்சுக்கிட்டு, ஆறு வருஷமா ஏன் சார் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"நீங்க சொன்னதை எல்லாம் அந்த மேடம் எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நான் முன்னாடியே சொல்லியிருந்தா, என்னை அவ்வளவு மனசாரத் திட்டியிருப்பீங்களா?"