மறுபடி கூப்பிட்ட பெயர்

கல்லில் அவள் கணவனின் பெயர் இருந்தது.

எழுத்துக் கூட்டி மறுபடி படித்தாள். ஸ்தோயான். கீழே அவனுடைய குடும்பப் பெயர். பிறந்த வருடமும் இறந்த வருடமும் ஒன்றுதான். அவன் பிறப்பதற்கு முந்தைய வருடம்.



அவன் வீட்டில் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருக்கிறான். கிளம்பும்போது அவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்பியவன்.

இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள் அது. அவனுடைய பல்கேரிய மலைக்கிராமத்தில் அன்றைக்கு அவித்த கோதுமையோடு கல்லறைக்குப் போவார்கள். மாமியாருக்கு முட்டி வலி. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, ஐந்து மாத வயிற்றோடு இவளும் வந்தாள். கோவில்பட்டியில் அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

அந்தப் பெயரை எவ்வளவு கேலி செய்திருக்கிறாள். அவன் அம்மாவுக்கு ஸ்தோய்ச்சோ, நண்பர்களுக்கு ஸ்தோய்கோ. ஒரு ஆளுக்கு இத்தனை பேரா, ரேஷன் கார்டில் எதைப் போடுவது என்பாள்.

அர்த்தம் மட்டும் கேட்டதில்லை.

மாமியார் ஈரத்துணியால் கல்லைத் துடைத்தாள், பிள்ளைக்கு முகம் துடைப்பது போல. இவளுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"போகாம இருன்னு அர்த்தம். மூத்தது தங்கல. அதனால இங்க கிடக்குற இவனுக்கு அந்தப் பேரை வச்சேன். இவனும் போயிட்டான்."

ஒரு கரண்டி கோதுமையைக் கல்லின்மேல் வைத்தாள்.

"காதுல விழல போலிருக்கு. அதான் மறுபடி கூப்பிட்டேன்."



இவள் ஊரில் பெரியப்பா பெயர் மூக்காண்டி. முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்று மூக்கைக் குத்தி வைத்த பெயர். அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் போன பிள்ளையின் பெயரையே எடுத்து அடுத்ததற்கு வைக்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

போன வருடம், எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போன தன் பிள்ளைக்கும் இவள் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள். அதன்பிறகு அதை வாயால் சொன்னதில்லை. இந்த வயிற்றோடு இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் இதுவும் போய்விடுமோ என்று பயம்.

மாமியார் பாத்திரத்தை நீட்டினாள். கோதுமை இனித்தது.

இவள் தன் வயிற்றில் கை வைத்தாள்.

"எழிலு," என்றாள். "இரு."

பிறகு, காதில் விழட்டும் என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக.