உறவறுக்கும் பாறை

கோயிலுக்குப் போகும் குடும்பத்தின் புகைப்படத்தில் மருமகள் இருப்பதில்லை. கேமராவைப் பிடித்திருப்பவளே அவள்தான். வேண்டுதலிலும் அப்படித்தான். மகனுக்கு வேலை, பேரனுக்குப் படிப்பு, கிழவருக்கு முழங்கால் என்று மணியடித்து, ஜப்பானிய வழக்கப்படி கைதட்டிக் கும்பிடுவார்கள். அவளுக்காக யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை.

அன்று கியோட்டோவின் ஒரு பழங்கோயிலுக்கு, மருமகள் கசுமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் தோமியே.

முற்றத்தில் அந்தப் பாறை. வேண்டுதல் தாள்கள் ஒட்டி ஒட்டிக் கல்லே தெரியாது. அடியில் ஒரு துளை. முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வந்தால் வேண்டாத உறவு அறும். பின்பக்கம் நுழைந்து முன்பக்கம் வந்தால் நல்ல உறவு சேரும்.

"வேணாம் அத்தை, போயிடலாம்." முகக்கவசத்துக்குள்ளிருந்து கெஞ்சினாள் கசுமி. "நீங்க துரத்திட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. அப்பா அம்மாவும் இல்லாதவ நான்."

"பேசாம என் கைப்பையைப் பிடி."

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி தோழியின் காதில் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "பாத்தியா? மகனையும் மருமகளையும் பிரிக்க மாமியாரே நேர்ல வந்திருக்கு!"

தோமியே திரும்பினாள். "ஆமா, பிரிக்கத்தான் வந்திருக்கேன். நீ மட்டும் என்ன, கல்யாண விருந்துக்கா வரிசையில நிக்கிறே?"

அந்தப் பெண் அவசரமாகக் கைப்பேசியைப் பார்த்தாள்.

தோமியே பாறையின் முன்பக்கம் மண்டியிட்டாள். தலை போனது, தோள் போனது, இடுப்பு நின்றுவிட்டது. வரிசை சிரித்தது.

"சிரிக்கிற நேரத்துல யாராவது தள்ளித் தொலைங்களேன்!" என்றது பாறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

தள்ளியது கசுமிதான். தன்னைத் துரத்த வந்த வேண்டுதலைத் தன் கையாலேயே தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அழுதபடி நின்றாள்.

மூச்சு வாங்க எழுந்த தோமியே, மருமகளின் முகக்கவசத்தின் ஓரத்தில் கன்றியிருந்த கன்னத்தை விரல் நுனியால் தொட்டாள்.

"அலமாரிக் கதவு இடிச்சுதுன்னு சொன்னே. அந்தக் கதவை நான்தான் பெத்தேன், எனக்குத் தெரியாதா? நான் அத்துவிட்டது உன்னை இல்லடி. அவனை."

"அத்தை... நீங்க பெத்த பிள்ளை..."

"அதனாலதான் நான் வந்து அறுக்கணும். வீடு என் பேர்ல இருக்கு. காலையிலேயே பூட்டை மாத்தியாச்சு. அவன் துணிமணியெல்லாம் அவன் ஆபீசுக்குக் கூரியர்ல போயிடுச்சு." முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "சரி, குனி. இந்தப் பக்கமிருந்து ரெண்டு பேருமா திரும்பணும். நீ முன்னால போ. நான் மறுபடி மாட்டிக்கிட்டா இழுக்க ஆள் வேணும்."

விவாகரத்து முடிந்த மாதமே தோமியே அரசு அலுவலகத்துக்குப் போய்க் வயது வந்தவர்களையும் தத்தெடுக்க விடும் அந்த நாட்டுச் சட்டப்படி கசுமியைத் தத்தெடுத்துக்கொண்டாள். கசுமி இப்போது அந்த வீட்டின் மகள்.