குறையில்லாத மனு

"போன தடவை மூணாம் பக்கத்துல தேதி இல்லைன்னு சொன்னா. இப்ப வக்கீல் ரசீதுல முத்திரை மங்கலா இருக்காம்! வேணும்னே பண்றா ஆபீஸ்ல மனு பாக்கற அந்த டெல்மா."

நான்காவது முறையாகத் திரும்பி வந்த மனுவைச் சாப்பாட்டு மேசைமேல் வீசினான் கிளைவ். சாலைத் துறையில் மேஸ்திரி. கடற்கரை ஊரான கெய்ர்ன்ஸிலிருந்து கடலே இல்லாத மவுண்ட் ஐசாவுக்கு மாற்றல். மாற்றலாகி வந்த ஊரில் வீடு வாங்கினால், பத்திரச் செலவையும் வக்கீல் செலவையும் துறையே தந்துவிடும். அதற்குத்தான் இந்த மனு.

"விடேன் கிளைவ். மெதுவா வரட்டும்" என்றாள் மனைவி நோரீன்.

"உனக்கென்ன, உக்காந்த இடத்துல சொல்லுவ. அவமேல மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டேன்."



மூன்றே வாரத்தில் டெல்மாவை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். தன் டீக் கோப்பையையும் பூந்தொட்டியையும் அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு அவள் வெளியேறும்போது, கிளைவ் வாசலிலேயே நின்றான்.

"போயிட்டு வாங்கம்மா. அங்கயாவது கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க."

டெல்மா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமலே போய்விட்டாள்.

அவள் நாற்காலிக்கு வந்த கெவின் ஐந்தே நிமிடத்தில் முத்திரை குத்தினான்.

"இங்க கையெழுத்துப் போடுப்பா. இனி ரெண்டு வருஷத்துக்கு மாற்றல் கேக்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கட்டினாலும் ஆகாது."

"யாரு கேக்கப் போறா?"

பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போட்டான் கிளைவ்.

வழியில் இறால் வாங்கிக்கொண்டான். நோரீனுக்குப் பிடிக்கும்.

"ஜெயிச்சுட்டேன் நோரீன்! கையெழுத்தும் போட்டாச்சு!"

மேசையருகே உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஆஸ்பத்திரிக் கவர், பிரித்தபடி.

"போட்டுட்டியா?" என்றாள். பிறகு, "ஆறு மாசமாம், கிளைவ்."

"என்ன ஆறு மாசம்?"

"எனக்கு. டெஸ்ட் முடிவு தெரியாம உன்கிட்டச் சொல்ல மனசு வரல. கெட்டதா இருந்தா கெய்ர்ன்ஸுக்கே மாற்றல் கேக்கச் சொல்லலாம், பொண்ணு பக்கத்துல, கடலைப் பாத்துக்கிட்டு நாம ரெண்டு பேரும் இருக்கலாம்னு நெனச்சேன். அதான் டெல்மாகிட்டப் போய்க் கெஞ்சினேன், எதையாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பிக்கிட்டே இருங்கன்னு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்."

கிளைவ் மனுவின் நகலை எடுத்து விரித்தான். ஒரு தேதி, ஒரு முத்திரை, எங்காவது ஒன்று விட்டுப் போயிருக்காதா என்று பக்கம் பக்கமாகத் தேடினான்.

எல்லாம் சரியாக இருந்தது.