பத்துக்குப் பத்து

"சாலை வசதி?" என்று வாசித்தாள்.

"நம்மளுதுதான் நல்லாருக்கு. எட்டு போடும்மா."

போட்டாள்.

தொழில் சங்கத்திலிருந்து வந்த படிவம். பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டு நம் மாநிலத்துக்கு முதலாளிகள் மதிப்பெண் தர வேண்டும். இந்த முதலாளி கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். அதனால் வாய் அவருடையது, எழுத்து அவளுடையது.

மின்சாரம், எட்டு. துறைமுகம், ஒன்பது.

தீபாவளிக்குக் கால் கிலோ இனிப்பு தரவே யோசிக்கிற மனிதர், மதிப்பெண்ணை வாரி வழங்கினார்.

"தொழிலாளர் திறமை?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அறுபத்திரண்டு பெண்கள் பைக்குகளுக்கான ஒயர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கைபிடித்து வேலை பழக்கியவள் அவள்தான். ஓசூரில் இவ்வளவு சுத்தமான வேலை வேறெங்கும் கிடையாது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"இதென்ன கேள்வி? நம்ம புள்ளைங்க மாதிரி எங்க கிடைக்கும்! பத்துக்குப் பத்து."

பத்தைச் சற்றுப் பெரிதாகவே எழுதினாள்.

கடைசிக் கேள்வி. "மூன்று ஆண்டுகளுக்குள் தொழிலை வேறு மாநிலத்துக்கு மாற்றுவீர்களா?"

கேட்பானேன்? 'இல்லை' என்ற கட்டத்துக்கே பேனாவைக் கொண்டுபோய்விட்டாள்.

"ஆமான்னு போடு."

பேனா நின்றது.

"ஆந்திராவுல இடம் பார்த்தாச்சு. பாதி விலைக்குத் தர்றாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பொங்கலோட இங்க மூடிடறேன். வெளிய சொல்லிடாத."

தடுப்புக்கு அப்பால் நாகவேணி எதற்கோ சிரித்தாள். போன மாதம்தான் அவளை நிரந்தரமாக்கினார்கள்.

"உனக்குத் தெலுங்கு வருமா?"

பதினோரு வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி.

"அங்க அறுபது புள்ளைங்கள புதுசா எடுக்கணும். வேலை பழக்க ஆளு வேணும். தெலுங்கு தெரிஞ்சா உன்ன மட்டும் கூட்டிட்டுப் போறேன். வீடும் தர்றேன்."

அவள் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"வராது சார்."

"அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அன்று காலைகூட, டிபன் டப்பாவை மறந்ததற்காக அவள் அம்மா தெருமுனை வரை திட்டிக்கொண்டே வந்திருந்தாள். இவளும் விடாமல் பதில் பேசியிருந்தாள்.

அவர்கள் வீட்டில் சண்டையும் சமாதானமும் தெலுங்கில்தான்.