ஒன்றரை ஆள் ரஜாய்

மங்களம் மாமியின் காதில் பூச்சுற்றுவதென்றால் சுப்புவுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பிளஸ் டூ படிக்கிற பையன். தலைநகர்ப் புசா ரோடு ஃப்ளாட்டில் மேல் மாடி. கீழ்வீட்டு மாமி எதைக் கேட்டாலும் சொந்தக் குரலில் பதில் சொன்னதே இல்லை. ரயில்வே அறிவிப்பு, டி.வி. செய்தி, கணக்கு வாத்தியார், பால் பூத் பையா, எல்லாரும் அவன் தொண்டைக்குள் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள்.

அன்றைக்கு மாமி வந்தது ரஜாய் வாங்க, குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் பஞ்சு மெத்தைப் போர்வை.

"ஸ்டுட்கார்ட்ல பனி கொட்டறதாம்டா. அந்த ஊர்க் கடையிலேயே வாங்கி நேரா பத்ரி ஆத்துக்கே அனுப்பிடலாம்னியே, அதைப் பண்ணு."

பத்ரி மாமியின் ஒரே பிள்ளை. தீபாவளிக்குப் பிறகு அவனிடமிருந்து போனே வரவில்லை. இவள் பண்ணினால் மணியே அடிப்பதில்லை.

கடையின் பக்கம் முழுக்க ஜெர்மன். சுப்பு கம்ப்யூட்டரை மொழிபெயர்க்கச் சொன்னான். அது கக்கிய இங்கிலீஷைத் தமிழாக்கி, ரயில்வே அறிவிப்புக் குரலில் ஆரம்பித்தான்.

"யாத்ரிகண் க்ருபயா த்யான் தே! இந்த ரஜாய்க்காக ஒரு வாத்து தன் அடிவயிற்றை மகிழ்ச்சியுடன் வழங்கியது..."

"வாத்தா? ராமா! வேற பாருடா."

"இது பருத்தி மாமி. உங்கள் தோலுக்கு நண்பன். துவைத்தால் கோபப்படாது. அறுபது டிகிரியில் சமைக்கலாம்."

"சமைக்கறதா? போக்கிரி, நீயா சேத்துக்கறே!"

"சத்தியமா மாமி! இங்க பாருங்கோ. ஒன்றரை ஆள் தூங்கலாம்னு வேற போட்டிருக்கான்."

சிரித்துக்கொண்டிருந்த மாமி சட்டென்று நிறுத்தினாள்.

"அதையே வாங்கு. அவன் ஒண்டிக்கட்டைதானே. எப்பவாவது கூப்பிட்டான்னா, எனக்கு அந்த அரை ஆள் இடம் போறும்."

சுப்பு ரயில்வே குரலை நிறுத்திவிட்டான். அதையே ஆர்டர் போட்டான்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு அவன் மாடியேறும்போதெல்லாம் மாமி வாசல் கதவைத் திறந்தாள்.

"போய்ச் சேர்ந்துடுத்தாமா? சேர்ந்தா கட்டாயம் போன் பண்ணுவான், பாரேன்."

ஒரு சனிக்கிழமை கடையிலிருந்து மெயில் வந்தது. மாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் அதையும் தன் பாணியில் மொழிபெயர்த்துத் தள்ளியது.

'பெறும் மனிதர் கூட்டை விட்டுப் பறந்தார். புதுக் கூடு சொல்லப்படவில்லை. மூட்டை வீட்டுக்கு நடக்கிறது.'

எவ்வளவு கோணலாக இருந்தால் என்ன, விஷயம் நேராகவே புரிந்தது. பத்ரி வீடு மாறிவிட்டான். அம்மாவிடம் சொல்லவில்லை. ரஜாய் கடைக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது.

"என்னடா போட்டிருக்கான்?"

"மொழிபெயர்ப்பு ஒரே கந்தல் மாமி. ஒண்ணும் புரியலை."

"ஒரு வார்த்தைகூடவா?"

"மூட்டை... வீட்டுக்கு நடக்கிறதுன்னு..."

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பறம் என்னடா புரியலைங்கறே? அவன் ஆத்துக்குப் போயிண்டிருக்கு!"

மறுநாள் முழுக்க மாமி போனை விட்டு நகரவில்லை. சுப்புவின் அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

"இல்லை ராஜம், நான் அந்தண்டை போற நேரம் பாத்துத்தான் அவன் பண்ணுவான்."

திங்கள்கிழமை பள்ளி விடுமுறை. சுப்பு மாடியில் தனியாக இருந்தான். வெயில் வரட்டுமென்று ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தான். பத்ரி அண்ணா வாக்கியத்துக்கு வாக்கியம் மூக்கை உறிஞ்சுவான், முதல் வார்த்தையை இழுப்பான். சுப்பு அந்தக் குரலை இரண்டு தடவை கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துக்கொண்டான். கீழ்வீட்டு நம்பரை அழுத்தினான்.

"ம்மா... நான்தான்."

"பத்ரி?"

"ரஜாய் வந்துதும்மா. கதகதன்னு இருக்கு. ஒன்றரை ஆளுக்கு இடம். அந்த அரை இடத்தை உனக்குன்னே காலியா வெச்சிருக்கேன்."

"சாப்டியாடா?"

இந்தக் கேள்விக்கு சுப்பு தயாராகி வரவில்லை. "ஆச்சும்மா" என்றான். இந்தத் தடவை நடிக்காமலே மூக்கு உறிஞ்சியது. அதற்குள் தெருவில் காலிஃபிளவர் வண்டிக்காரன் 'கோபி லேலோ' என்று கத்திக்கொண்டு வந்துவிட, "அப்பறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் மாமி கிண்ணம் நிறையக் கேசரியோடு மாடியேறி வந்தாள்.

"பத்ரி பேசினான்டா!"

"அரே வா! என்ன சொன்னான் மாமி?"

"எல்லாம் நல்ல சேதிதான். நீ சாப்பிடு." அவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தலையணை உறை ஒண்ணு பாருடா. அதுவும் போய்ச் சேர்ந்தா மறுபடி பேசுவான் இல்லையா?"

"பேசுவான் மாமி. பக்கா!"

மாமி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படி வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"அவன் பேசறச்சே ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லுடா. நம்ம தெரு வண்டிக்காரன் 'கோபி லேலோ'ன்னு கத்தறது, ஸ்டுட்கார்ட் வரைக்கும் கேக்கறது."